வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகங்கள்: சேர்க்கையும் செலவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊரில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. வகுப்பு முடிந்ததும் பெற்றோர் சிலர் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். ஆகஸ்டு முதல் ஏப்ரல் வரை பேச்செல்லாம் கல்லூரி பற்றித்தான். "பெர்க்லிக்குப் போடலாமா, மிச்சிகனுக்குப் போடலாமா?" என்று தொடங்கும் அந்தப் பேச்சில் பணம் கடைசியாகத்தான் வரும். அது முதலில் வரவேண்டும் என்பது என் கருத்து. பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

அரசுப் பல்கலைக்கழகம்தானே? ஏன் தனியார் கல்லூரி அளவுக்குச் செலவாகிறது?

இங்கே "அரசு" என்பது மாநில அரசு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைக் கலிபோர்னியா மக்களின் வரிப்பணம் தாங்குகிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை வர்ஜீனியா மக்களின் வரிப்பணம் தாங்குகிறது. தம் பிள்ளைகளுக்குக் கட்டணம் குறைய வேண்டும் என்றுதான் அவர்கள் அந்த வரியைக் கட்டுகிறார்கள். பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் மருத்துவக் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்றிதழோடு அலைந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே மாநில ஒதுக்கீடு இடத்தைப் பாதுகாக்கிறது. இங்கே பல மாநிலங்கள் இடத்தையும் பாதுகாக்கின்றன, விலையையும் பாதுகாக்கின்றன.

2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மாநில அரசுகள் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் பணத்தை வெட்டின. அந்தப் பள்ளத்தை நிரப்ப, முழுக் கட்டணம் செலுத்தும் வெளிமாநில மாணவர்களையும் வெளிநாட்டு மாணவர்களையும் பல்கலைக்கழகங்கள் கூடுதலாகச் சேர்த்தன. இன்று நீங்கள் பார்க்கும் கட்டண அட்டையின் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

சரியாக எவ்வளவு ஆகும்?

இடத்துக்கு இடம் மிகவும் மாறும். "வெளிமாநிலம் என்றால் இவ்வளவு" என்று பொதுவாக ஒரு தொகையைச் சொல்பவரை நம்பாதீர்கள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளிமாநில மாணவர் இரண்டு தொகை செலுத்துகிறார்: எல்லோருக்கும் உள்ள கல்விக் கட்டணம் ஒன்று, அதன்மேல் வெளிமாநிலக் கூடுதல் கட்டணம் ஒன்று. 2025 இலையுதிர் பருவத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 37,602 டாலர். நான்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர், எல்லைக்கு அப்பால் வசிப்பதற்காக மட்டும். விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் அதன் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களில் ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டுகிறது. ஒரே ஆறுதல், 2022 முதல் அங்கே சேரும் ஒவ்வோர் ஆண்டு அணிக்கும் சேர்ந்தபோது இருந்த கட்டணத்தை ஆறு ஆண்டு வரை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் வளாகத்தில் கல்விக் கட்டணமே 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. அங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மூன்றாம் ஆண்டிலிருந்து மேல்நிலை மாணவர் என்று கட்டணம் இன்னும் ஏறும். முதல் ஆண்டுத் தொகையை நான்கால் பெருக்கிக் கணக்குப் போட்டவர்கள் மூன்றாம் ஆண்டில் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர்மாறு இண்டியானாவின் பர்டியூ பல்கலைக்கழகம். 2013இல் கட்டணத்தை நிறுத்தி வைத்தவர்கள் இன்னும் ஏற்றவில்லை: உள்மாநிலத்தவருக்கு 9,992 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 28,794 டாலர். பொறியியல் போன்ற சில துறைகளுக்குச் சற்றுக் கூடுதல். பன்னிரண்டு ஆண்டுக்கும் மேலான விலைவாசி உயர்வுக்குப் பிறகும் அதே எண் என்பது இந்த நாட்டில் அபூர்வம். புளோரிடா பல்கலைக்கழகமும் நெடுங்காலம் 28,600 டாலரை ஒட்டியே இருந்தது. 2025இல்தான் வெளிமாநிலக் கட்டணத்தை உயர்த்த அந்த மாநிலம் தன் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கொடுத்தது.

வெளிமாநில மாணவருக்கு இடம் கிடைப்பது எவ்வளவு கடினம்?

பல்கலைக்கழகம் முழுவதற்குமான சேர்க்கை விகிதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது உள்மாநிலத்தவரையும் வெளிமாநிலத்தவரையும் ஒன்றாகக் கலந்த எண். உங்கள் பிள்ளை நிற்கும் வரிசை வேறு.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் முதலாண்டு மாணவரில் 18 சதவீதத்துக்கு மேல் வெளிமாநிலத்தவர் இருக்கக்கூடாது. 1986 முதல் இருக்கும் விதி இது. ஆயிரக்கணக்கான வெளிமாநில விண்ணப்பங்கள் அந்தச் சிறிய வாசலில் நெருக்குகின்றன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் புதிதாகச் சேருவோரில் 90 சதவீதம் டெக்சாஸ் மாணவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த டெக்சாஸ் இடங்களில் முக்கால் பங்கு, பள்ளியில் முதல் சில சதவீதத்துக்குள் வந்தவர்களுக்குத் தானாகவே போய்விடும். முதலில் அது முதல் 10 சதவீதமாக இருந்தது. 2026 இலையுதிர் சேர்க்கைக்கு ஆஸ்டினில் முதல் 5 சதவீதமாகச் சுருங்கியது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே நெருக்கடி என்றால் வெளியூர்ப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கலிபோர்னியா 2017இல் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு 18 சதவீத வரம்பு வைத்தது. அப்போதே அந்த அளவைத் தாண்டியிருந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ வளாகங்களையும் படிப்படியாக 18க்கு இறக்க வேண்டும் என்று பின்னர் மாநில அரசு பணம் ஒதுக்கியது. மதிப்பெண் தகுதியும் வேறு: கலிபோர்னியா மாணவருக்குக் குறைந்தபட்ச பள்ளி மதிப்பெண் சராசரி (4 புள்ளி அளவில்) 3.0, வெளிமாநிலத்தவருக்கு 3.4. அது விண்ணப்பிக்கும் தகுதி மட்டும். இடம் கிடைப்பவர்களின் சராசரி அதைவிட மிக உயரத்தில் இருக்கும். எஸ்.ஏ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை அங்கே பார்ப்பதே இல்லை. ஆகவே 1,600க்கு 1,570 எடுத்திருக்கிறான் என்ற பெருமை அந்த விண்ணப்பத்தில் உதவாது. ஜார்ஜியா டெக், புளோரிடா, பர்டியூ, ஆஸ்டின் ஆகியவற்றில் எஸ்.ஏ.டி. அல்லது அதைப் போன்ற ஏ.சி.டி. தேர்வு கட்டாயம்.

மிச்சிகன் வெளியாருக்கு அகலமாகத் திறந்த வாசல். இளநிலை மாணவரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த மாநிலத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள். அந்த வாசலின் விலையைத்தான் மேலே சொன்னேன்.

கணினி அறிவியல் என்றால்?

தனிக் கதை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சியாட்டில் வளாகத்தில் கணினி அறிவியலுக்கு விண்ணப்பத்தின்போதே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளிமாநில மாணவருக்கு அங்கே சேர்க்கை விகிதம் நூற்றுக்கு ஒற்றை இலக்கம். "வேறு துறையில் சேர்ந்து பிறகு மாறிக்கொள்ளலாம்" என்ற திட்டத்தோடு போகாதீர்கள். சியாட்டிலில் மட்டுமின்றி இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம் போன்ற இடங்களிலும் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. கிடைத்த துறையிலேயே நான்கு ஆண்டும் படிக்க மனமிருந்தால் மட்டும் சேர வேண்டும்.

நாங்கள் அதிகம் செலுத்துகிறோமே, அதனால் எளிதாக இடம் கொடுப்பார்களா?

இந்தக் கேள்வி கலிபோர்னியாவில் பெரிய சச்சரவாகவே வெடித்தது. 2016இல் அந்த மாநிலத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை, வெளியாரைச் சேர்க்கும் அளவுகோலைத் தளர்த்தி உள்ளூர் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் பாதகம் செய்துவிட்டது என்று குற்றம் சாட்டியது. அந்தப் பணம் இல்லாவிட்டால் உள்ளூர் மாணவர்களையே இத்தனை பேர் சேர்த்திருக்க முடியாது என்று பல்கலைக்கழகம் பதிலளித்தது. நான் மேலே சொன்ன 18 சதவீத வரம்பு அந்தச் சச்சரவை அடுத்து வந்தது. இன்றைய நிலையில் பணம் உங்கள் பிள்ளைக்குக் குறுக்குவழி திறக்கும் என்று நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

உதவித்தொகை கிடைக்குமா?

எந்தப் பல்கலைக்கழகம் வெளியாரையும் தன் பிள்ளையாக நடத்துகிறது, எது விருந்தினராக மட்டும் நடத்துகிறது என்பதை இங்கேதான் தெரிந்துகொள்வீர்கள்.

சேப்பல் ஹில்லும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் வெளிமாநில மாணவருக்கும் குடும்பத் தேவை முழுவதையும் ஈடுசெய்வதாக உறுதி கொடுக்கின்றன. வர்ஜீனியாவின் திட்டம் 2004இல் தொடங்கியது. அரசுப் பல்கலைக்கழகங்களில் இப்படிச் செய்பவை மிகச் சில. கவனியுங்கள், இது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். "தேவை" எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகமே கணக்கிடும். கணவன் மனைவி இருவரும் மென்பொருள் வேலையில் இருக்கும் வீட்டுக்குத் தேவை பூஜ்யம் என்று வரலாம். ஒரே சம்பளத்தில், ஊரில் பெற்றோருக்கும் பணம் அனுப்பிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் வீட்டுக்கு நல்ல தொகை வரலாம். அந்த இரண்டாவது வகைக் குடும்பங்கள் "நமக்கெங்கே கிடைக்கும்" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து தேவை அடிப்படையிலான உதவியை வெளிமாநிலத்தவருக்குக் கொடுப்பதில்லை. மிச்சிகன் 1,25,000 டாலருக்குள் வருமானம் உள்ள வீடுகளுக்குக் கல்விக் கட்டணமே வேண்டாம் என்று அறிவித்திருக்கிறது; அது மிச்சிகன் வீடுகளுக்கு மட்டும். செய்தித்தாளில் இப்படி ஓர் அறிவிப்பைப் பார்த்தால் "யாருக்கு" என்ற சொல்லைத் தேடிப் படியுங்கள்.

தகுதி அடிப்படையில் முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகைகள் உண்டு. சேப்பல் ஹில்லின் மோர்ஹெட்-கெயின் 1945 முதல் நடக்கிறது. வர்ஜீனியாவில் ஜெபர்சன் அறிஞர் திட்டம் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்குச் சில பேருக்கே கிடைக்கும். அதைக் கணக்கில் வைத்துக் குடும்ப வரவு செலவைத் திட்டமிட முடியாது. நேஷனல் மெரிட் என்ற நாடு தழுவிய உதவித்தொகைப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வரும் பிள்ளைகளுக்கு அலபாமா பல்கலைக்கழகமும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகமும் மனம் திறந்து கொடுக்கின்றன. தரவரிசைப் பட்டியலில் அவை பின்னால் இருப்பதால் நம்மவர்கள் பலர் திரும்பிப் பார்ப்பதில்லை. டாலஸ் வளாகத்தில் அப்படிச் சேர்ந்து கடன் ஏதுமின்றிப் பட்டம் பெற்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். நிம்மதியான முகங்கள் அவை.

ஒவ்வொரு கல்லூரி இணையதளத்திலும் நிகரச் செலவுக் கணிப்பான் ஒன்று இருக்க வேண்டும் என்பது 2011 முதல் மத்திய அரசின் கட்டாயம். வரித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்தால் உங்கள் வீட்டுக்கான உத்தேசத் தொகை கிடைத்துவிடும். விண்ணப்பப் பட்டியல் போடும் முன்பே இதைச் செய்யுங்கள்.

அங்கே ஒரு வீடு வாடகைக்கு எடுத்து, ஓராண்டு கழித்து உள்மாநிலத்தவர் ஆகிவிடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி; அநேகமாக முடியாது.

ஓராண்டு வசித்திருக்க வேண்டும் என்ற மாநில விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1971இல் மின்னசோட்டா வழக்கில் ஏற்றுக்கொண்டது. 1973இல் கனெக்டிகட் வழக்கில், வெளிமாநிலத்தவராகச் சேர்ந்தவர் படிப்பு முடியும்வரை வெளிமாநிலத்தவரே என்று முத்திரை குத்த முடியாது, மாறிவிட்டதை நிரூபிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆக, கதவு சட்டப்படி திறந்திருக்கிறது. ஆனால் நிரூபிக்கும் சுமை மாணவர் தலையில். படிப்பதற்காக வந்து தங்கிய நாட்கள் குடியேறிய நாட்களாகக் கணக்கில் வராது என்றே பெரும்பாலான மாநிலங்கள் பார்க்கின்றன. கலிபோர்னியாவில் பெற்றோர் வெளிமாநிலத்தில் இருந்தால், 24 வயதுக்குட்பட்ட மாணவர் பொருளாதாரத்தில் தன் காலிலேயே நிற்கிறார் என்று காட்ட வேண்டும். அப்பா கட்டணம் செலுத்தும் பிள்ளை அதைக் காட்ட முடியாது. ஓட்டுநர் உரிமமும் வாடகை ஒப்பந்தமும் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், பொறுப்பில்லாத ஆலோசனை அது.

பெற்றோரே வேலை மாறிக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தால் விஷயம் வேறு. பொதுவாக ஓராண்டுக்குப் பிறகு மாறலாம். அதற்கான கடைசித் தேதியை அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். சொந்த மாநிலத்திலேயே எங்களை வெளியாராக நடத்துவார்களா?

பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. எச்-1பி வேலை விசாவும் அதைச் சார்ந்து குடும்பத்தினருக்குக் கிடைக்கும் எச்-4 விசாவும் நிரந்தரமாகத் தங்கும் நோக்கத்தைத் தடுப்பதில்லை என்பதால், கலிபோர்னியா, டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்களில் காலநிபந்தனையை நிறைவு செய்தால் உள்மாநிலக் கட்டணம் உண்டு. இதற்கு வழிகாட்டிய வழக்குகளில் ஒன்று மேரிலாந்தில் நடந்தது: உலக வங்கி போன்ற பன்னாட்டு நிறுவன ஊழியர்களின் ஜி-4 விசாப் பிள்ளைகளுக்கு உள்மாநிலக் கட்டணத்தை மறுத்த பல்கலைக்கழக விதியை 1982இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

என் தூக்கத்தைக் கெடுக்கும் பகுதி இதற்குப் பிறகு வருகிறது. எச்-4 பிள்ளைக்கு 21 வயது ஆனதும் அந்த விசா போய்விடும். இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை பல பத்தாண்டு நீள்வதால், நான்கு வயதில் இங்கே வந்து, இங்கேயே படித்து, தமிழைவிட ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் பிள்ளை மூன்றாம் ஆண்டுக் கல்லூரியில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கிறது. பல மாநிலங்களில் எஃப்-1 விசாவில் இருப்பவர் உள்மாநிலத்தவராகக் கருதப்படமாட்டார். வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள பல்கலைக்கழகத்திலேயே ஒரே இரவில் அயலாராகிவிடும் ஆபத்து இது. கிரீன் கார்டுக்காகப் பிள்ளையின் வயதைக் கணக்கிடும் முறையும் 2025 ஆகஸ்டில் கடுமையாக்கப்பட்டது. ஆகவே பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே, 21ஆம் பிறந்தநாள் கல்லூரியின் எந்த ஆண்டில் வருகிறது என்று பாருங்கள். "எச்-4இல் சேர்ந்து பின்னர் எஃப்-1க்கு மாறினால் கட்டணம் மாறுமா?" என்று பட்டியலில் உள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று: எச்-4 பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மாணவர் உதவியோ கடனோ கிடையாது. வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கு உதவித்தொகை வாய்ப்பு மிகக் குறைவு. இந்த நிலையில் உள்ள குடும்பங்களுக்கு, முடிந்தவரை சொந்த மாநிலத்தையே முதலில் பார்க்கும்படி சொல்கிறேன்.

மாநிலங்களுக்கு இடையே சலுகை ஒப்பந்தம் இருக்கிறதாமே?

இருக்கிறது. மேற்கு மாநிலங்களின் பரிமாற்றத் திட்டத்தில் உள்மாநிலக் கட்டணத்தின் 150 சதவீதத்துக்கு மேல் வாங்கமாட்டார்கள். ஆனால் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் போன்ற போட்டி மிகுந்த வளாகங்கள் அதில் இல்லை. தென் மாநிலங்களிலும் நியூ இங்கிலாந்திலும் உள்ள ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சொந்த மாநிலத்தில் இல்லாத படிப்புகளுக்கானவை. மின்னசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் இடையே தனி உடன்பாடு உண்டு. புளோரிடாவில் வினோதமான ஒரு சலுகை: தாத்தா அல்லது பாட்டி அங்கே சட்டப்படி வசிப்பவராக இருந்து, பேரப்பிள்ளை நல்ல எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணும் எடுத்தால் வெளிமாநிலக் கட்டணம் தள்ளுபடி. மாநிலம் முழுவதற்கும் 350 இடங்கள்தான்.

கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா?

தகுதியுள்ள மாணவர் பெயரில் மத்திய அரசு கொடுக்கும் கடன் முதலாண்டில் 5,500 டாலர், நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 27,000 டாலர். வெளிமாநிலக் கட்டணத்துக்கு முன்னால் அது சொற்பம். மீதி பெற்றோர் கடன்தான். 2026 ஜூலை முதல் அதற்கும் ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வந்திருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமானால் தனியார் கடன், அதன் வட்டி, உங்கள் கையெழுத்து.

என் மூத்த மகளுக்கு வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து "உதவி அறிவிப்பு" வந்தது. பெரிய தொகை. வீடே மகிழ்ந்தது. இரவு சாவகாசமாக வரிவரியாகப் படித்தபோதுதான், அதில் முக்கால்வாசி பெற்றோர் கடன் என்று தெரிந்தது. எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொள்ளும் உதவி. அவள் எதுவும் பேசாமல் கடிதத்தை மடித்து வைத்தாள். அந்த அமைதி இன்னும் என் நினைவில் இருக்கிறது. உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால், திருப்பிச் செலுத்த வேண்டாத தொகையை மட்டும் தனியே எழுதிக் கூட்டுங்கள், மற்றதை அடித்துவிடுங்கள்.

சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் குறைவாகப் பார்ப்பார்களா?

யார் பார்ப்பார்கள்? விருந்துகளில் பேசும் நாலு பேரா? ஜார்ஜியாவில் இருப்பவருக்கு லாட்டரி நிதியில் 1993 முதல் நடக்கும் ஹோப் உதவித்தொகையோடு ஜார்ஜியா டெக் கிடைக்கிறது. இண்டியானாக்காரருக்கு 9,992 டாலரில் பர்டியூ. அதே இருக்கைக்கு வெளியார் ஏறத்தாழ மும்மடங்கு செலுத்த வரிசையில் நிற்கிறார்கள். சொந்த மாநிலத்தில் நல்ல பொறியியல் கல்லூரி இல்லாதவர், அங்கே இல்லாத அரிய படிப்பை நாடுபவர், முழுத் தேவை உதவி பெறுபவர் – இவர்கள் வெளியே போவதில் நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் தரவரிசையில் பத்து இடம் முன்னேற ஒன்றரை லட்சம் டாலர் செலவழிப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து பிளஸ் டூ முடித்து நேரடியாக வருபவருக்கு?

வெளிமாநிலக் கட்டணமேதான், சில இடங்களில் அதற்கு மேலும். முதல் ஆண்டுச் செலவுக்கான பணம் வங்கியில் இருப்பதைக் காட்டினால்தான் விசாவுக்கான ஐ-20 படிவம் வரும். தேவை அடிப்படையிலான உதவி அரசுப் பல்கலைக்கழகங்களில் அநேகமாக இல்லை.

ஏப்ரலில் கடிதங்கள் வந்துவிட்டன. உதவி போதவில்லை. கேட்டுப் பார்க்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். வேலை இழப்பு, மருத்துவச் செலவு, ஊரில் பெற்றோரைப் பராமரிக்கும் செலவு ஆகியவற்றை ஆவணத்தோடு நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். மே 1 பெரும்பாலான இடங்களில் முடிவு சொல்லும் நாள் என்பதால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள். பதில் வரும்வரை சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் இடத்தை விட்டுவிடாதீர்கள். விடுதிக்கு முன்பணம் கேட்டிருந்தால் அதையும் தேதி தவறாமல் செலுத்திவிடுங்கள்.